கோட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூடிய சபை

இந்த வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். எங்கள் பங்கு மண்டபத்தின் நடைக்கூடத்தில், கோட் மாட்டுகிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். சும்மாதான் நின்றேன். கையில் ஒரு கப் கோப்பி. அதுவும் ஆறிவிட்டது.

உள்ளே பங்குச் சபைக் கூட்டம். நானும் அந்தச் சபையில் ஒரு உறுப்பினர். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை... நானேதான் எழும்பி வந்தேன்.

ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்களா? என் மனைவி ஸ்ரெல்லாவும் அதைத்தான் கேட்டாள். உங்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

சொல்கிறேன். ஆனால் முதலில் எங்கள் இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுவிஸில் வின்டர்தூரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் எங்கள் பள்ளத்தாக்கு. அதில் மூன்று கத்தோலிக்கப் பங்குகள், பங்குக்கு ஒரு கோயில். பெயர் சொல்ல மாட்டேன் — மூன்று ஊரிலும் நான் பாண் வாங்க வேண்டும். மேற்பங்கு, நடுப்பங்கு, கீழ்ப்பங்கு என்று வைத்துக்கொள்வோம். நான் நடுப்பங்கு.

என் திறமையைப் பார்த்துச் சபைக்கு எடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாட்டில் இப்படியான பொறுப்புகளுக்கு ஆள் பிடிப்பது பெரிய பாடு. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் வழக்கத்தைவிட வேகமாக வெளியேறினார்கள். எனக்கு விசயம் தெரியாது. ரோல்ஸ் கொண்டுபோன தட்டை எடுக்கத் திரும்பிப் போனேன். சபைத் தலைவி ஃப்ராவ் கெல்லர் தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் ஓம் என்று சொல்லும்வரை விடவில்லை.

அப்படித்தான் நான் மக்கள் பிரதிநிதி ஆனேன்.

மூன்று கோயில்களும் ஒன்றுக்கொன்று அரை மணி நேர நடை தூரம்கூட இல்லை. ஆனால் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பிப் பானை, நத்தாருக்கு இயேசு பாலனைக் கிடத்தத் தனித்தனி மாட்டுத்தொழுவம், தனித்தனி மைக். நீளமான ஏணி மட்டும் மேற்பங்கில்தான் உண்டு. அங்கேதான் சிக்கல்.

ஒரு நத்தாருக்கு, எங்கள் கோயில் முகப்பில் நட்சத்திரம் கட்ட அந்த ஏணியைக் கேட்டோம். எழுத்தில் கேளுங்கள் என்றார்கள். எழுத்தில் கேட்டோம். நத்தார் முடிந்தது. வருடப்பிறப்பு முடிந்தது. மூவிராசாக்கள் திருநாளும் முடிந்தது. பிறகு மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது — உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது!

அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர் மேற்பங்கின் தலைவர் ஹெர் மோசர். அன்றிலிருந்து இரண்டு சபைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கண்டால் தலையை ஆட்டுவோம். அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து செய்தி வந்தது. பூசை வைக்கச் சுவாமிமார் போதாது, இனி மூன்று பங்குக்கும் ஒரே சுவாமி. ஆகவே மூன்று சபைகளும் சேர்ந்து வேலை செய்யுங்கள்.

சேர்ந்து! ஏணியே சேர்ந்து பிடிக்காதவர்கள்!

சேர்ந்து உட்கார்ந்து நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு பொது நடத்தை விதி எழுதியது. இரண்டு பக்கம். சபையில் பேசியதை வெளியே பேசக் கூடாது. பரிசு வாங்கக் கூடாது, ஒரு கேக் அளவுவரை பரவாயில்லை. எவ்வளவு பெரிய கேக் என்று அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. நான்காவது விதிதான் முக்கியம். உங்களுக்கு நெருக்கமான ஒருவருடைய விசயம் மேசைக்கு வந்தால், நீங்கள் எழும்பி வெளியே போய்விட வேண்டும். கேட்கவும் கூடாது, கை தூக்கவும் கூடாது. இதை ஜெர்மனில் ‘அவுஸ்ஸ்டாண்ட்’ என்கிறார்கள்.

மிக நல்ல விதி என்று நானும் கை தூக்கினேன். அப்போது எனக்கு நெருக்கமான ஒருவரும் எந்த மேசைக்கும் வந்திருக்கவில்லையே. தூக்குவதற்கு என்ன?

அதோடு ஒரு படிவமும் தந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் உங்களுக்கு நெருக்கமானவர்கள் யார் யார்? பெயரையும் உறவையும் எழுதுங்கள். ஐந்து வரி விட்டிருந்தார்கள்.

ஐந்து வரி எங்களுக்கு எப்படிக் காணும்? ஸ்ரெல்லாவின் அக்கா குடும்பம் இருக்கிறது. அக்காவின் கணவரின் தம்பி இருக்கிறார். அவருடைய மனைவி எனக்கு இன்னொரு வழியால் மச்சாள். எங்களோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர் இருக்கிறார் — இரத்தச் சொந்தமில்லை, ஆனால் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரை எப்படி விடுவது? உண்மையாக எழுதச் சொன்னார்கள். உண்மையாக எழுதினேன். கூடுதலாக நாலு தாள் இணைத்தேன்.

இரண்டு நாளில் ஃப்ராவ் கெல்லர் போன் எடுத்தார்.

“ஹெர் அந்தோனி, முப்பத்தெட்டுப் பேரை எழுதியிருக்கிறீர்கள்.”

“ஓம். யாராவது விடுபட்டிருந்தால் பிறகு சேர்க்கலாமா?”

போனில் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“ஹெர் ப்ரூன்னர் இரண்டு பேரைத்தான் எழுதியிருக்கிறார். அவருடைய குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கில் நானூறு வருடமாக இருக்கிறது.”

ஹெர் ப்ரூன்னர் எங்கள் சபையில் என்னோடு இருக்கிற பால்பண்ணைக்காரர். நல்ல மனிதர். நானூறு வருடத்தில் இரண்டே இரண்டு சொந்தம்! பாவம், நத்தாருக்கு யார் வீட்டுக்குப் போவார் என்று எனக்கு உண்மையாகவே கவலை வந்தது.

அந்த முப்பத்தெட்டில் பத்தொன்பதாவது பெயர் ஜெசிந்தா. உறவு என்ற இடத்தில் ‘என் மகளின் ஞானத்தாய்’ என்று எழுதியிருந்தேன்.

இனி ஜெசிந்தாவைப் பற்றி. இவருக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். பிறகு எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார். காலையில் பள்ளிக்கூடம் துடைப்பார், மத்தியானம் முதியோர் இல்லச் சமையலறை, பின்னேரம் எங்கள் கோயில். மூன்றும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்கிற வேலை. காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. பதினாலு வருடமாக மத்தியானச் சாப்பாடு பஸ்ஸில்தான். சுவிஸ் பஸ்ஸில் பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் புட்டும் சம்பலும் சாப்பிடக்கூடிய ஒரே மனுசி அவர் என்று நினைக்கிறேன்.

எங்கள் கோயிலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இடதுபக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் திறக்க வேண்டும். மைக் எந்த இடத்தில் வைத்தால் விசிலடிக்கும். எந்தக் கிழவிக்கு எந்த வாங்கில் இடம், எந்தப் பக்கத்து ஹீட்டர். தபசுகாலத்து ஊதாத் துணி எந்த அலுமாரியில், எந்தத் தட்டில்.

சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றார்கள் அல்லவா? அதன்படி மூன்று கோயிலுக்கும் ஒரே சாக்ரிஸ்டான் வைப்பதாகத் தீர்மானித்தோம். கோயில் திறப்பது, பீடம் ஒழுங்குபடுத்துவது, மண்டபத்தைப் பூட்டித் திறப்பை வைத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முழுநேர, நிரந்தர வேலை. ஆளைத் தெரிவு செய்வது நடுப்பங்கின் வேலை என்று விட்டார்கள். நாங்கள் நடுவில் இருக்கிறோம் என்பது சொன்ன காரணம். மேலும் கீழும் ஒன்றையொன்று நம்பவில்லை என்பது சொல்லாத காரணம்.

ஜெசிந்தா விண்ணப்பம் போட்டார். ஐம்பத்துநாலு வயது. இந்தப் பள்ளத்தாக்கில் இனி இப்படி ஒரு வேலை விளம்பரம் அவர் காலத்தில் வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் போன் ஓயவில்லை.

“அண்ணை, ஜெசிந்தாவின்ரை அலுவல் முடிஞ்ச மாதிரித்தானே? நீங்கள் உள்ளுக்கை இருக்கிறியள்.”

இதை ஒருவர் சொல்லவில்லை. ஆறேழு பேர் சொன்னார்கள். எல்லோரும் சந்தோசமாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு முகம் சுட்டது. பதினாலு வருடம் அந்தக் கதவைத் தூக்கித் திறந்தவர் அவர். வேலை கிடைத்தால் பெயர் எனக்கா?

கூட்டத்துக்குப் போகும்போது ஸ்ரெல்லா வாசலில் நின்று சொன்னாள்: “ஒரே ஒரு சொல்லு, அப்பா. ‘அவ நல்ல வேலைக்காரி’ எண்டு ஒரு சொல்லு. அதிலை என்ன பாவம் இருக்கு?”

எனக்கும் அதில் ஒரு பாவமும் தெரியவில்லை. சொல்கிற எண்ணத்தோடுதான் போனேன்.

சபையில் நாங்கள் ஏழு பேர். மேசையில் மூன்று விண்ணப்பம். ஜெசிந்தா ஒன்று. மற்றது ஹெர் ப்ரூன்னரின் மனைவியின் தம்பி, தச்சு வேலைக்காரர். மூன்றாவது எங்கள் ஊர் முன்னாள் தபால்காரர்.

ஃப்ராவ் கெல்லர் நான்காவது விதியை வாசித்தார். யாராவது வெளியே போக வேண்டுமா என்று கேட்டார். நான் கதிரையைப் பின்னால் தள்ளி, எழும்பவும் இல்லாமல் இருக்கவும் இல்லாமல் ஒரு நிலையில் நின்றேன்.

“ஹெர் அந்தோனி, நீங்கள் இருக்கலாம். சட்டத்தைப் பார்த்தேன். பெற்றோர், பிள்ளை, சகோதரம், கட்டியவர் வழியிலும் அதே உறவுகள் — இவ்வளவுதான் சொந்தம். ஞானத்தாய் அதில் இல்லை.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? தலைவியே இருக்கச் சொல்கிறார். பக்கத்தில் ஹெர் ப்ரூன்னரோ மச்சானின் விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். ஒரு வாக்குத்தான் வித்தியாசம் என்றால்? பஸ்ஸில் புட்டுச் சாப்பிடுகிற மனுசி கண்ணுக்குள் வந்தார். அதோடு அந்தப் போன் குரல்களும் வந்தன. ‘நீங்கள் உள்ளுக்கை இருக்கிறியள்...’

“இல்லை, ஃப்ராவ் கெல்லர். சட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையைக் கையில் வைத்திருந்தவர் அவர். இதைவிட நெருக்கம் எனக்கு வேறு தெரியாது.”

சொல்லிவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். உண்மையைச் சொல்கிறேன். நல்ல காரியம் செய்த மாதிரியே இல்லை. ஒரு மனுசியைத் தனியே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மூன்று நிமிடம் போயிருக்கும். கதவு திறந்தது. ஹெர் ப்ரூன்னர்.

“மனைவியின் தம்பி... கட்டியவர் வழி. சட்டத்திலேயே இருக்கிறது,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஸ்டாண்டின் மறுபக்கத்தில் நின்றுகொண்டார்.

இன்னும் ஐந்து நிமிடம். மறுபடி கதவு. பாடகர் குழுவை நடத்துகிற அம்மா வந்தார். “ஞானத்தாய் நெருக்கம் என்றால், நானும்தான்! தச்சரின் மகனுக்கு நான்தான் ‘கொட்டெ’.” அவருடைய பாஷையில் ஞானத்தாய் அது. சுவிஸ்காரருக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்றால் லேசான விசயமில்லை. பிறந்தநாள் தவறினாலும் அந்த உறவு தவறாது.

அதன் பிறகு கதவு சாத்தப்படவே இல்லை. ஒருவர் தபால்காரரின் மகளுக்கு ஞானத்தகப்பன். இன்னொருவருக்கு அதே தபால்காரர் ஞானத்தகப்பன். ஆறாவது ஆள் தச்சரோடு இருபது வருடமாகச் சீட்டு விளையாடுகிறார். அதுவும் நெருக்கம்தான் என்று சபை — நடைக்கூடத்தில் நின்ற சபை — ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

நானூறு வருடமாக இரண்டே சொந்தம் என்று எழுதியவர்களுக்கு, பத்தே நிமிடத்தில் ஊர் முழுக்கச் சொந்தம் வந்துவிட்டது! என்னுடைய முப்பத்தெட்டு எந்த மூலைக்கு?

நடைக்கூடத்தில் நின்று விண்ணப்பங்களைப் பற்றிப் பேசக் கூடாது, அது விதி. ஆகவே வேறு எல்லாம் பேசினோம். நான்கு வருடம் ஒரே மேசையில் இருந்தவர்கள். ஹெர் ப்ரூன்னரின் பெரிய மாட்டின் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரோல்ஸுக்குள் என்ன வைக்கிறோம் என்று அவரும் அன்றைக்குத்தான் கேட்டார். இவ்வளவு நல்ல கூட்டம் எங்கள் சபையில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

கடைசியில் ஃப்ராவ் கெல்லரும் வெளியே வந்தார். கையில் விண்ணப்பக் கோவை.

“உள்ளே நான் மட்டும்தான் இருக்கிறேன்,” என்றார். “எனக்கும் ஒரு விசயம் சொல்ல வேண்டும். தபால்காரர் எங்கள் கட்டிடத்தில்தான் இருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே உடுப்புக் கழுவுகிற அறை, ஆளுக்கொரு நாள். அவருக்கு எதிராக நான் வாக்களித்தால்... என் கழுவுகிற நாள் எனக்குக் கிடைக்காது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சுவிஸ் கட்டிடத்தில் குடியிருந்தவர்களுக்கு இது சிரிக்கிற விசயமில்லை என்பது தெரியும். ஒரு நிமிடம் கழித்து ஹெர் ப்ரூன்னர்தான் முதலில் வெடித்தார். பிறகு எல்லோரும். ஃப்ராவ் கெல்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சரி, சிரித்தாயிற்று. யார் தெரிவு செய்வது?

“நாங்கள் மூவரையும் அளவுக்கு மிஞ்சித் தெரிந்து வைத்திருக்கிறோம்,” என்றார் ஃப்ராவ் கெல்லர். “தெரியாதவர்களிடம் கொடுப்போம்.”

தெரியாதவர்கள் யார்? தச்சரின் கடை கீழூரில்தான், ஆகவே கீழ்ப்பங்கு சரிவராது. மிச்சம் மேற்பங்கு. ஏணிக்காரர். ஹெர் மோசர்.

ஒரு ஏணி கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்த மனிதர் கையில் ஜெசிந்தாவின் வேலையா? ஆனால் வெளியே நிற்கிறவனுக்கு வாய் ஏது? கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்ரெல்லா முழுக் கதையையும் கேட்டாள்.

“உங்களுக்கென்ன விசரோ? தலைவியே இருக்கச் சொன்னவ. இருந்திருக்கலாமே! பெரிய அரிச்சந்திரன்ரை பக்கத்து வீடு!”

ஜெசிந்தா இன்னும் மோசம். அவர் ஏசவில்லை. பேசவே இல்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எனக்குப் பாட்டுப் புத்தகம் தந்தார், முகத்தைப் பார்க்காமல். ஸ்ரெல்லாவிடம் மட்டும் சொன்னாராம்: “அவர் சபையிலை இருக்கிறார் எண்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டனான். கடைசியிலை என்ரை பேரைக் கேட்டதும் எழும்பி ஓடியிட்டார்.”

எழும்பி ஓடிவிட்டேனாம்! இருபது வருடப் பழக்கம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு அடுத்த வாரம்தான் ரயில் விசயம் நடந்தது. வேலை முடிந்து வின்டர்தூரில் ஏறி இருந்தேன். முன் இருக்கையில் வந்து அமர்ந்தவர் யார்? ஹெர் மோசர்! தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இரண்டு ஸ்டேஷன் போனது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“ஹெர் அந்தோனி, இந்த ஃப்ராவ் ஜெசிந்தா... எப்படிப்பட்டவர்?”

பாருங்கள். நான் கேட்கவில்லை. அவராகக் கேட்கிறார். ஒரே ஒரு சொல்லு, அப்பா! இடதுபக்கக் கதவு, மைக், ஊதாத் துணி எல்லாம் ஒன்றாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

“மழை வரும்போல இருக்கிறது,” என்றேன்.

ஹெர் மோசர் யன்னலைப் பார்த்தார். “ஏற்கெனவே பெய்கிறது.”

“ஓ. நான் இங்கே இறங்க வேண்டும்.”

என் ஸ்டேஷன் அடுத்தது. இன்னும் இரண்டு நிமிடம் அந்த மனிதருக்கு முன்னால் இருந்தால் என் வாய் எனக்குச் சொந்தமாக இராது என்று தெரியும். இறங்கிவிட்டேன். ரயில் போன பிறகுதான் குடை ரயிலிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. வயல் வழியாக நடந்து, நனைந்த கோழி மாதிரி வீட்டுக்குப் போனேன்.

ஸ்ரெல்லா துவாயைத் தந்தாள். காரணத்தைச் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். என் நனைந்த கோட்டை வாங்கி மாட்டினாள்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. இனிச் சொல்லாதேங்கோ,” என்றாள். இஞ்சித் தேத்தண்ணியும் வந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது, நடைக்கூடத்து ஸ்டாண்டில் என் குடை தொங்கியது. பிடியில் ஒரு சிறு துண்டு கட்டியிருந்தது. ‘நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிக்கவும். மோசர்.’

எழுத்தில்! இந்த முறை ஐந்தே நாளில்!

மேற்பங்கு மூவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தது. ஜெசிந்தாவின் நேர்முகத்தில் என்ன நடந்தது என்பதை அவரே பிறகு சொன்னார். உங்களுக்கு இந்த வேலை கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஹெர் மோசர் கேட்டாராம்.

“ஏணி” என்று சொன்னாராம் ஜெசிந்தா.

எல்லோரும் ஹெர் மோசரைப் பார்த்தார்களாம். அவர் விடவில்லை. “மூன்று கோயிலுக்கும் ஒரு நீள ஏணி போதும். ஆனால் அது யாருடைய ஏணி என்று நினைக்கிறவரை பிரச்சினைதான். ஒரு கொப்பி வைப்போம். யாருக்கு எப்போது வேண்டுமோ அதில் எழுதட்டும். முதலில் எழுதியவருக்கு முதலில். மண்டபத்துக்கும் அப்படியே. நான் எந்த ஊர்க்காரி என்று பார்க்க மாட்டேன்.” அவருடைய ஜெர்மன் டாவோஸ் சமையலறையில் படித்த ஜெர்மன். இலக்கணம் முன்பின் இருக்கும். ஆனால் விசயம் எல்லோருக்கும் விளங்கும்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. கடிதத்தோடு ஜெசிந்தா எங்கள் வீட்டு மணியை அடித்தார். நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வரவில்லை. சப்பாத்தோடு வாசலிலேயே நின்றார்.

“அண்ணை, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. நீங்கள் அந்த மோசரிட்டை ஒரு சொல்லும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“ஃப்ராவ் கெல்லரிட்டை?”

“இல்லை, ஜெசிந்தா.”

“சத்தியமா?”

“சத்தியமா. ரயிலாலை இறங்கி நனைஞ்சு போனனானே தவிர, வாய் திறக்கேல்லை.”

ஜெசிந்தா கடிதத்தை விரித்து இன்னொரு தடவை பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“அப்ப இது என்ரை. ஒருத்தரும் எடுத்துத் தரேல்லை. என்ரை வேலை.”

பின்னால் ஸ்ரெல்லா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம் முன்புவரை, அன்றைக்கு எழும்பி வந்தது சரியோ பிழையோ என்று குழம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த ‘என்ரை’யைக் கேட்டதோடு குழப்பம் போய்விட்டது.

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். எங்களுக்கு நெருக்கமான விசயம் வந்தால் மேற்பங்கு பார்க்கும். அவர்களுக்கு நெருக்கமானது கீழ்ப்பங்குக்குப் போகும். கீழ்ப்பங்கினது எங்களிடம் வரும். சேர்ந்து வேலை செய்யுங்கள் என்று மேற்றிராசனம் எழுதியபோது இதை நினைத்திருக்காது. ஆனால் இதுதான் நடக்கிறது. ஏணியும் ஊர் சுற்றுகிறது.

இங்கேயே முடித்திருப்பேன். போன சனிக்கிழமை ஒன்று நடந்துவிட்டதே!

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் நத்தார் ஒளிவிழா ஒத்திகைக்கு மண்டபம் கேட்டுக் கொப்பியில் எழுதியிருந்தேன். நல்ல சிரிப்பொன்றை முகத்தில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனேன். இடுப்பில் திறப்புக் கோர்வை, கையில் கொப்பி. ஆளே ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

“மூண்டாம் சனிக்கிழமையோ? அதே நேரத்தை மேற்பங்குப் பாட்டுக் குழுவும் கேட்டிருக்கினம், அண்ணை. ரெண்டும் ஒரே நாள் வந்து எழுதினது.”

“அதுக்கென்ன, ஜெசிந்தா... எங்கடை பிள்ளையள்தானே. நீங்கள் பாத்து...”

கொப்பியை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணை, நான் உங்கடை பிள்ளையின்ரை ஞானத்தாய். இதிலை நான் முடிவெடுக்கேலாது. மேற்பங்கும் இதிலை ஒரு பக்கம், அதாலை கீழ்ப்பங்குக்குப் போன் பண்ணிக் கேக்கிறன். அதுவரைக்கும் நீங்கள் வெளியிலை நில்லுங்கோ.”

“ஜெசிந்தா!”

“கதவைச் சாத்திக்கொண்டு போங்கோ.”

சாத்திக்கொண்டு போனேன். அதே நடைக்கூடம், அதே கோட் ஸ்டாண்ட். இந்த முறை கோப்பிகூட இல்லை.

அடுத்த படிவத்தில் முப்பத்தொன்பதாவது பெயராக அந்த ஸ்டாண்டையும் எழுதலாம் என்று இருக்கிறேன் — இவ்வளவு பழகிய பிறகு அதுவும் நெருக்கம்தானே!